மின்சாரத்திற்கு ஒரு பத்தாயம்

அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்தவுடன் உழவர் முதலில் எண்ணுவது அதனை வைக்கும் இடத்தைப் பற்றியே. வீட்டில் பத்தாயம் உண்டு, குதிர் உண்டு, அவை போதாதவர்க்குச் சங்கத்தின் கிடங்கு உண்டு. தையில் விளைந்ததை ஆவணியில் உண்ணலாம் என்ற உறுதியின் மீதே தஞ்சைத் தரணியின் வாழ்வு நிற்கின்றது. நெல்லுக்கு மட்டுமன்றி நீருக்கும் இதுவே வழி. தென்மேற்குப் பருவத்தில் குடகு மலையில் பெய்யும் மழை ஒரே மூச்சில் கடலுக்கு ஓடிவிடாதபடி மேட்டூரில் தேங்கி நின்று, மாதக்கணக்கில் நம் வாய்க்கால்களுக்கு வந்து சேருகின்றது. 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அவ்வணை 93.47 டி.எம்.சி. நீரைக் கொள்ளும். அதனை நம்முடைய நீர்ப் பத்தாயம் என்று கூறினால் மிகையாகாது.

இன்று வயலும் தறியும் நம்பியிருக்கும் மற்றொரு பொருள் மின்சாரம். ஆற்றில் நீர் பிந்தினால் குறுவை நாற்றைக் காப்பது ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரே. விசைத்தறி ஓடுவதும், சாயப்பட்டறையில் நீர் ஏறுவதும், கைத்தறிக் கூடத்தில் விளக்கெரிவதும் அதனாலேயே. 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் நிலவிய மின்வெட்டை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மும்முனை மின்சாரம் எப்பொழுது வரும் என்று நள்ளிரவிலும் விழித்திருந்து, விளக்கும் கையுமாக வரப்பில் ஓடியவர் பலர். தறி நின்று கூலியை இழந்தவரும் பலர்.

நெல்லுக்கும் நீருக்கும் உள்ளதைப் போல மின்சாரத்திற்கும் ஒரு பத்தாயம் உண்டா? உண்டு. அது எவ்வாறு வேலை செய்கின்றது, அதனால் நமக்கு விளையும் நன்மை யாது, நாம் விழிப்புடன் கவனிக்க வேண்டியது யாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

விளைந்த கணமே செலவாகும் பொருள்

மின்சாரத்தின் தன்மை விசித்திரமானது. கம்பியில் வரும் மின்சாரத்தை அப்படியே மூட்டை கட்டி வைக்க இயலாது. ஒரு கணத்தில் எவ்வளவு உற்பத்தியாகின்றதோ அவ்வளவும் அதே கணத்தில் செலவாக வேண்டும். உற்பத்தி மிகுந்தாலும் கெடுதி; செலவு மிகுந்தாலும் கெடுதி. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று என்ற கதியில் ஓடுகின்றது. வரவும் செலவும் ஒத்திருக்கும் வரையில் அக்கதி நிலைத்து நிற்கும். செலவு மிகுந்தால் கதி தளரும்; மிகவும் தளர்ந்தால் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொள்ளும். 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களிலும் வட இந்தியா இருளில் மூழ்கியது இத்தகைய சமன் குலைவினால்தான்.

நிலக்கரியை எரிக்கும் நிலையங்கள் மட்டும் இருந்தபோது இச்சமனைக் காப்பது ஓரளவு எளிது. தேவைக்கேற்ப அடுப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். கதிரவனும் காற்றும் நம் சொற்படி நடப்பவை அல்ல. தமிழ்நாட்டில் காற்றாலைகளின் திறன் 11,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது; சூரிய மின்சாரத்தின் திறனும் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஒரு மெகாவாட் திறனுள்ள நிலையம் முழுமையாக ஒரு மணி நேரம் ஓடினால் 1,000 யூனிட் கிடைக்கும். ஆகவே இவை சிறிய தொகைகள் அல்ல. ஆனால் சூரிய மின்சாரம் நண்பகலில் பொங்கி மாலை ஆறு மணிக்கு வற்றிவிடும். ஊர் முழுவதும் விளக்கேற்றி, அடுக்களையும் தொலைக்காட்சியும் குளிர்சாதனமும் ஒருங்கே இயங்கத் தொடங்கும் நேரமோ அதற்குப் பிற்பட்டது. ஆடியில் அம்மியைப் பறக்கச் செய்யும் காற்று, முப்பந்தலில் நள்ளிரவிலும் ஆலைகளைச் சுழற்றும். அந்நேரத்தில் அதனை வாங்குவார் இல்லை. வாங்குவார் இன்மையால் காற்றாலைகளை நிறுத்தி வைத்த நாட்களும் உண்டு. ஒரு பொழுதில் விளைச்சல் வீணாகின்றது. மறு பொழுதில் பஞ்சம் வருகின்றது. இடையில் ஒரு பத்தாயம் இருந்தால் இரண்டும் தீரும்.

உயரமே சேமிப்பு

மின்சாரத்தை மின்சாரமாக வைக்க இயலாதென்றாலும், வேறு ஓர் உருவில் மாற்றி வைக்கலாம். பாட்டரியில் அது இரசாயன உருவில் அடங்குகின்றது. ஒரு கனமான பொருளை உயரத்தில் ஏற்றி வைத்தால் எடையின் உருவில் அடங்குகின்றது. கவலை மாடுகள் கிணற்றிலிருந்து சாலை மேலே இழுக்கும்போது செலவிட்ட உழைப்பு எங்கும் போய்விடவில்லை. மேலேறிய நீரில் அது தங்கியிருக்கின்றது. அந்நீர் மீண்டும் கீழே விழுமானால் அவ்வுழைப்பைத் திருப்பித் தரும். வழியில் ஒரு சக்கரம் இருந்தால் அதனைச் சுற்றும்.

இதில் எவ்வளவு சேமிக்கலாம் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்வோம். விமானத்தின் உயரம் ஏறத்தாழ 216 அடி. அதன் உச்சியிலுள்ள சிகரம் 80 டன் எடையுள்ள ஒரே கல் என்றும், சாரப்பள்ளத்திலிருந்து நீண்ட சாரம் அமைத்து அதனை ஏற்றினார்கள் என்றும் வழிவழியாகச் சொல்வர். பல கற்களின் சேர்க்கை என்பாரும் உண்டு. அவ்வழக்கை இங்குத் தீர்க்க வேண்டுவதில்லை. 80 டன் என்றே வைத்துக்கொண்டு கணக்கிடுவோம். அவ்வளவு எடையை அவ்வளவு உயரத்திற்குத் தூக்குவதில் அடங்கிய சக்தி எவ்வளவு? ஏறத்தாழ 14 யூனிட்டே! அதாவது, யானைகளும் ஆயிரம் ஆட்களும் சேர்ந்து ஏற்றியதாகச் சொல்லப்படும் கல் இறங்கி வந்து தரக்கூடிய மின்சாரம் முழுவதும், ஒரு 5 குதிரைத்திறன் மோட்டாரைச் சுமார் மூன்று மணி நேரம் ஓட்டுவதற்கே காணும்.

இக்கணக்கு நமக்கு இரண்டு உண்மைகளைக் கூறுகின்றது. ஒன்று, சுவிட்சைத் தட்டியவுடன் வரும் மின்சாரம் எத்துணை உழைப்புக்கு ஈடானது என்பது. மற்றொன்று, எடையை உயர்த்திச் சேமிப்பதானால் எடையும் மிகுதியாக வேண்டும், உயரமும் மிகுதியாக வேண்டும் என்பது. மிகுந்த எடையைச் செலவின்றித் தருவது நீர்; மிகுந்த உயரத்தைத் தருவது மலை. ஆயிரம் லிட்டர் நீரின் எடை ஒரு டன். அதனை 367 மீட்டர், அதாவது சுமார் 1,200 அடி உயரத்திற்கு ஏற்றினால் சரியாக ஒரு யூனிட் அதில் அடங்கும். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 120 அடி உயரம். அவ்வுயரத்தில் ஒரு யூனிட்டுக்குப் பத்தாயிரம் லிட்டர் வேண்டும். கல்லணைக்குக் கீழே கடல் வரையில் நிலத்தின் சரிவு, வாய்க்கால் நீர் தானாக ஓடிப் பாய்வதற்குப் போதுமான அளவே. நெல்லுக்கு வரமாக வாய்த்த அச்சமவெளியில் மின்சாரப் பத்தாயம் கட்ட வழியில்லை. அதற்கு நாம் மேற்கே மலைகளை நோக்க வேண்டும்.

காடம்பாறையின் இரு குளங்கள்

கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஆனைமலைப் பகுதியில் காடம்பாறை என்னும் இடத்தில் தமிழ்நாட்டின் மின்சாரப் பத்தாயம் அமைந்துள்ளது. மேலே காடம்பாறை நீர்த்தேக்கம். முந்நூறு மீட்டருக்கும் மேற்பட்ட தாழ்வில் மேல் ஆழியாறு நீர்த்தேக்கம். இரண்டையும் பாறையைக் குடைந்த சுரங்கவழி இணைக்கின்றது. நடுவே, மலையின் வயிற்றுக்குள் மின் நிலையம். அங்கே ஒவ்வொன்றும் 100 மெகாவாட் திறனுள்ள நான்கு யந்திரங்கள் உள்ளன. அவை 1987 முதல் 1989 வரையில் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கத் தொடங்கின.

இவ்யந்திரங்களின் சிறப்பு, இரு திசையிலும் சுழலக்கூடியவை என்பது. மின்சாரம் வேண்டும்போது மேல் குளத்து நீர் சுரங்கவழியே பாய்ந்து சக்கரத்தைச் சுற்றுகின்றது, மின்சாரம் பிறக்கின்றது, நீர் கீழ்க்குளத்தில் சேர்கின்றது. மின்சாரம் மிகுந்திருக்கும்போது அதே யந்திரம் எதிர்த்திசையில் சுழல்கின்றது. இப்போது அது மின்சாரத்தை உண்ணும் பம்பு. கீழ்க்குளத்து நீரை அது மேல் குளத்திற்கு ஏற்றிவிடுகின்றது. நம் பம்பு செட்டு மின்சாரத்தைத் தின்று நீரை மேலே தருவது போன்றதே இது. ஆனால் தின்றதை மீண்டும் கக்கவும் அறிந்தது.

காடம்பாறையைத் திட்டமிட்ட காலத்தில் மலிவான மின்சாரம் இரவில் கிடைத்தது. நெய்வேலி, எண்ணூர் முதலிய அனல் நிலையங்களை இரவுதோறும் அணைத்துக் காலையில் மூட்ட இயலாது. ஊர் உறங்கும்போதும் அவை ஓடவேண்டும். அந்த மிகுதியைக் கொண்டு இரவில் நீரை ஏற்றி, மாலையில் இறக்குவதே அன்றைய ஏற்பாடு. இன்று சூரிய மின்சாரம் பெருகியபின் நண்பகலே மலிவான நேரமாகி வருகின்றது. நீரேற்றும் முறையும் அதற்கேற்ப இரவிலிருந்து பகலுக்கு நகரவேண்டியதாகின்றது. யந்திரம் அதே யந்திரம். குளமும் அதே குளம். அறுவடையின் காலம் மட்டுமே மாறியது.

இது நம்மவர் தனியே கண்டுபிடித்த புதுமையன்று. சுவிட்சர்லாந்தின் மலைப் பகுதிகளில் இம்முறை நூறாண்டுகளுக்கு முன்பே கையாளப்பட்டது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் பாத் கவுண்டி நிலையம் 1985 முதல் ஓடுகின்றது. அதன் திறன் 3,000 மெகாவாட். சீனாவின் ஃபெங்நிங் நிலையம் 3,600 மெகாவாட்டுடன் அதனையும் விஞ்சிவிட்டது. நம் நாட்டிலேயே கிருஷ்ணா நதியில் நாகார்ஜுனசாகரிலும் ஸ்ரீசைலத்திலும், மேற்கு வங்கத்தில் புரூலியாவிலும் இத்தகைய நிலையங்கள் உள்ளன.

நான்கு போட்டு மூன்று எடுப்பது

பத்தாயத்தில் போட்ட நெல் முழுவதும் திரும்பி வருவதில்லை. உலர்ச்சியில் எடை குறையும். எலியும் அந்தும் தம் பங்கைக் கேட்கும். மின்சாரப் பத்தாயத்திலும் கழிவு உண்டு. நீரை ஏற்றும்போது பம்பிலும் குழாயின் உராய்விலும் ஒரு பகுதி போகும். இறக்கும்போது மீண்டும் ஒரு பகுதி போகும். பொதுவாக, நான்கு யூனிட்டைச் செலவிட்டு நீரை ஏற்றினால் மூன்று யூனிட் திரும்பக் கிடைக்கும். நான்கு மரக்கால் அளந்து போட்டு மூன்று மரக்கால் அளந்து எடுப்பதாகும்.

இது நட்டமன்றோ என்று கேட்கலாம். நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் விடை விளங்கும். அறுவடைக் காலத்தில் களத்திலேயே விற்பவருக்கு என்ன விலை கிடைக்கின்றது, கிடங்கில் வைத்து நான்கு மாதம் கழித்து விற்பவருக்கு என்ன விலை கிடைக்கின்றது என்பதை நம் அங்கத்தினர்கள் அறிவர். தானிய ஈட்டின் மீது சங்கம் கடன் தருவதே இந்த வேறுபாட்டை உழவர் பெறவேண்டும் என்பதற்காகத்தான். மின்சாரத்திலும் அவ்வாறே. நண்பகலில் ஒரு யூனிட் 3 ரூபாய்க்குக் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு யூனிட்டுக்கு 12 ரூபாய். அதிலிருந்து வரும் மூன்று யூனிட்டின் அடக்கவிலை யூனிட்டுக்கு 4 ரூபாய் ஆகின்றது. மாலையில் வெளியிலிருந்து வாங்கும் விலை 4 ரூபாய்க்கு மேலே செல்லச் செல்ல, அந்த மிகுதி சேமிப்பின் பயனாகும். அதிலிருந்தே அணைக்கும் யந்திரத்திற்கும் இட்ட முதல் திரும்பி வரவேண்டும். வீணாகப் போகவிருந்த மின்சாரத்தை ஏற்றினாலோ, பெற்ற மூன்றும் லாபமே.

கட்டணமின்றி மின்சாரம் பெறும் நமக்கு இக்கணக்கால் ஆவதென்ன என்று எண்ணுதல் பிழையாகும். தமிழ்நாட்டில் விவசாயப் பம்பு செட்டுகளுக்குக் கட்டணம் இல்லை. இரு மாதங்களுக்குக் கைத்தறிக்கு 300 யூனிட்டும், விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் 2023 முதல் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆயினும் இலவசம் என்பது விலையில்லாதது என்று பொருள்படாது. அதன் விலையைப் பொதுப் பணம் ஏற்கின்றது என்பதே பொருள். அச்சுமை ஏறும்போது முதலில் சுருங்குவது மும்முனை மின்சாரத்தின் நேரமே. மாலைப் பஞ்சம் நீங்கினால் அந்நேரம் விரியும். ஆதலால் காடம்பாறையின் மேல்குளம் நிறைந்திருப்பதில் நம் வயலுக்கும் தறிக்கும் பங்குண்டு.

எனினும் ஒரு பத்தாயம் ஊருக்கெல்லாம் போதாது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டை எட்டியது. காடம்பாறையின் நான்கு யந்திரங்களும் சேர்ந்து தருவது 400 மெகாவாட். அதாவது ஐம்பதில் ஒரு பங்கு. இதனால்தான் நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டம் கட்டப்பட்டு வருகின்றது. அங்கே போர்த்திமந்து நீர்த்தேக்கம் மேல்குளமாகவும், அவலாஞ்சி – எமரால்டு நீர்த்தேக்கங்கள் கீழ்க்குளமாகவும் அமையும். 125 மெகாவாட் திறனுள்ள நான்கு யந்திரங்கள், மொத்தம் 500 மெகாவாட்.

சுழலும் சக்கரமும் அமுக்கிய காற்றும்

நீரை ஏற்றுவது ஒன்றே வழியன்று. நெசவாளர் வீட்டில் தார் சுற்றும் ராட்டையைக் காண்க. கையை எடுத்த பின்னரும் சக்கரம் சில சுற்றுகள் சுற்றிய பின்பே நிற்கும். கை தந்த விசை சக்கரத்தின் ஓட்டத்தில் தங்கியிருப்பதே காரணம். முற்காலத்துப் பம்பு செட்டு ஆயில் எஞ்சினின் இரு பக்கத்திலும் இருந்த கனத்த சக்கரங்களும் இதற்கே. எஞ்சினில் வெடிப்பு விட்டுவிட்டு நிகழ்ந்தாலும், சக்கரம் அவ்விசையை வாங்கி வைத்துச் சீராகத் தந்தது. விசைத்தறியிலும் நாடாவை எறியும் கணத்தில் வேண்டப்படும் மிகுவிசையைச் சக்கரமே ஈடு செய்கின்றது.

இதே முறையில், காற்றை நீக்கிய கலத்திற்குள் மிகுந்த வேகத்தில் சுழலும் சக்கரங்களில் மின்சாரத்தைச் சேமிக்கின்றனர். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்டீபன்டவுன் என்னும் ஊரில் 200 சக்கரங்கள் கொண்ட 20 மெகாவாட் நிலையம் 2011இல் தொடங்கப்பெற்றது. ஆனால் இது பத்தாயமன்று, கைப்பிடி அரிசி. சில நிமிடங்களுக்கே காணும். மின்சாரத்தின் கதி தளரும் கணத்தில் தாங்கிப் பிடிப்பதே அதன் தொழில். அனல் நிலையங்களின் பெருஞ்சக்கரங்கள் தம் கனத்தாலேயே இத்தொழிலை இதுவரை ஓசையின்றிச் செய்து வந்தன. சூரியத் தகடுகளில் சுழல்வது ஒன்றும் இல்லாமையால், இதனைத் தனியே ஏற்பாடு செய்யவேண்டிய காலம் வந்துள்ளது.

மற்றொரு வழி காற்றை அமுக்கி வைப்பது. கைத்தெளிப்பானில் முதலில் காற்றை அடித்து ஏற்றிவிட்டுப் பின்னர் மருந்து தெளிக்கின்றோம் அல்லவா? ஜெர்மனியில் ஹுண்டார்ஃப் என்னும் இடத்தில் 1978 முதல் பூமிக்கடியிலுள்ள உப்புக் குகைகளில் காற்றை அமுக்கி வைத்து, வேண்டும்போது விடுத்து மின்சாரம் எடுக்கின்றனர். அத்தகைய குகை எல்லா நாட்டிலும் வாய்ப்பதில்லை. அமுக்கும்போது பிறக்கும் வெப்பமும் வீணாகின்றது. ஆதலால் இம்முறை பெரிதும் பரவவில்லை. பாட்டரி அடுக்குகளோ விலை குறைந்து விரைவாகப் பரவுகின்றன. இரண்டு மூன்று மணி நேரத் தேவைக்கு அவை ஏற்றவை. மலையும் வேண்டா, காடும் வேண்டா. ஆனால் பாட்டரியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அணையோ தலைமுறைகள் நிற்கும். வீட்டிற்குக் குதிரும் ஊருக்குக் கிடங்கும் வேண்டியிருப்பது போல இவ்விரண்டும் வேண்டியவையே.

நம் நீருக்குக் குறை வருமா?

இங்கே காவிரிப் பாசனத்தார் மனத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. குந்தாவின் நீர் பவானி ஆற்றைச் சேர்ந்தது; பவானியோ கூடுதுறையில் காவிரியுடன் கலக்கின்றது. மலைமேல் நீரைத் தேக்கி ஏற்றி இறக்கிக் கொண்டிருந்தால் நமக்கு வரவேண்டிய நீர் குறையாதா?

கணக்கிட்டுப் பார்ப்போம். 400 மெகாவாட் நிலையம் ஒன்று 367 மீட்டர் உயரத்தில் அமைந்து, மாலையில் ஐந்து மணி நேரம் முழுமையாக ஓடுவதாகக் கொள்வோம். அதற்கு இறக்க வேண்டிய நீர், கழிவையும் சேர்த்து, 20 முதல் 25 லட்சம் கன மீட்டர் வரையில் ஆகும். ஒரு டி.எம்.சி. என்பது 2 கோடியே 83 லட்சம் கன மீட்டர். எனவே நாள்தோறும் ஏறி இறங்கும் நீர் ஒரு டி.எம்.சி.யில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. மேலும் அது செலவாகும் நீரன்று. இன்று இறங்கியதே நாளை ஏறுகின்றது. ஆவியாகிப் போவது ஒன்றே இழப்பு. ஏற்கெனவே உள்ள இரு நீர்த்தேக்கங்களை இணைக்கும்போது அந்த இழப்பும் அதிகமாகக் கூடுவதில்லை. ஆதலால் நீரேற்று நிலையம் நம் நீரைக் குடித்துவிடும் என்ற அச்சம் வேண்டுவதில்லை.

ஆனால் கவனிக்க வேண்டியவை இரண்டு உண்டு. புதிய குளம் வெட்டினால் அதனை முதன்முறை நிரப்பும் நீரை எந்தப் பருவத்தில் எடுப்பது என்பது ஒன்று. வெள்ளக் காலத்தில் எடுத்தால் யாருக்கும் குறையில்லை. வறண்ட ஆண்டின் ஆனியில் எடுத்தால் கடைமடைக்குக் குறை. ஆந்திரத்தின் பின்னாபுரம் திட்டத்தைப் போல ஆற்றுப் போக்கிலிருந்து விலகி, ஒருமுறை நிரப்பிய நீரையே சுற்றவைக்கும் முறையும் உண்டு. மற்றொன்று, கீழ்க்குளத்திலிருந்து பாசனத்திற்கு விடவேண்டிய நீரை, நாளை ஏற்ற வேண்டுமே என்று பிடித்து வைத்தலாகாது என்பது. மேட்டூரில் நெடுங்கால வழக்கம் யாதெனில், பாசனத்திற்கு விடும் நீரே போகிற வழியில் மின்சாரமும் தந்து போகும். மின்சாரத்திற்காகப் பாசனம் காத்திருப்பதில்லை. அவ்வழக்கம் மலைமேல் அமையும் குளங்களுக்கும் உரியதாக வேண்டும்.

மலையில் வாழ்வோரையும் நாம் மறத்தலாகாது. நீலகிரியில் சில்லஹல்லா என்ற இடத்தில் கருதப்பட்ட 1,000 மெகாவாட் திட்டத்திற்கு, நிலமும் காடும் நீரில் மூழ்கும் என்று அவ்வூரார் எதிர்ப்புத் தெரிவித்தனர். தேயிலையும் காய்கறியும் விளைப்போரும் நம்மைப் போன்ற உழவரே. ஊர் உழவன் பயிரைக் காக்க மலை உழவன் நிலத்தை இழத்தல் நியாயமன்று. புதிதாக மூழ்கடிப்பதைவிட ஏற்கெனவே உள்ள அணைகளை இணைத்துப் பயன்படுத்துவது முதல் வழியாக இருக்கவேண்டும்.

ஆடிக் காற்று மாசிக்கு வருமா?

இப்பத்தாயத்திற்கு ஓர் எல்லை உண்டு. காடம்பாறை போன்றவை சில மணி நேரத்துச் சேமிப்பைத் தாங்குபவை. நண்பகலை மாலைக்குக் கொண்டு செல்லும். ஆடியை மாசிக்குக் கொண்டு செல்லா. காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்கள் குறுவைக்கு உதவும்; தையில் கதிர் முற்றும் சம்பாவுக்கு அக்காற்று இல்லை. பருவத்தைத் தாண்டிய சேமிப்பு வேண்டுமானால் பெரிய நீர்த்தேக்கங்களே வேண்டும்: காற்று மிகுந்த காலத்தில் மலை அணைகளின் நீரை விடாமல் வைத்திருந்து, காற்று ஓய்ந்தபின் விடுதல். அதுவும் பாசனத்தின் அட்டவணைக்கு உட்பட்டே இயலும். ஆகவே ஒரே சாதனம் எல்லாக் குறையையும் தீர்க்கும் என்று எவர் கூறினாலும் நம்ப வேண்டா.

வயலிலும் தறியிலும் சேமிப்பு

இதுவரை கூறியவை பெரிய அமைப்புகள். அங்கத்தினர் கையிலேயே உள்ள சேமிப்பு ஒன்றும் உண்டு. அதற்கு அணையும் வேண்டா, கடனும் வேண்டா. மின்சாரத்தைச் சேமிப்பதற்குப் பதிலாக, அது செய்யும் வேலையைச் சேமித்து வைப்பதே அது.

ஓர் ஏக்கர் வயலில் இரண்டு அங்குலம் நீர் கட்டினால் ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர் ஆகும். அதனை ஆழ்குழாயிலிருந்து இறைக்கச் செலவான மின்சாரம், வயலில் நீராக நின்று பயிருக்கு உதவுகின்றது. வயலே ஒரு பத்தாயம். நண்பகலில் இறைத்துக் கட்டினால் இரவில் மோட்டார் ஓட வேண்டியதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறையில், பாய்ச்சும் நாளையும் நேரத்தையும் நாமே வகுக்கலாம். பண்ணைக் குட்டை உள்ளவர்க்கு இன்னும் எளிது. பகலில் நிரப்பி, வேண்டும்போது மடை திறக்கலாம். சூரிய சக்தியால் இயங்கும் பம்பு செட்டுக்குப் பாட்டரி வைக்காததன் காரணமும் இதுவே. அங்கே நீரே பாட்டரி.

நெசவுத் தொழிலிலும் இதற்கு இடமுண்டு. பாவு ஓட்டுவதும் தார் சுற்றுவதும் மோட்டாரால் நடக்குமிடங்களில் அவற்றைப் பகல் பொழுதிலேயே முடித்துத் தாரை அடுக்கி வைத்துக்கொள்ளலாம். சாயப்பட்டறையின் மேல்தொட்டியை நண்பகலில் நிரப்பலாம். சுற்றி வைத்த தாரும் ஏற்றி வைத்த நீரும் சேமித்து வைத்த மின்சாரமே. ஒருவர் செய்தால் இதன் பயன் சிறிது. ஓர் ஊர்ச் சங்கம் முழுவதும் முறை வகுத்துச் செய்தால், மாலையில் டிரான்ஸ்பார்மர் தாங்காமல் விழுவது குறையும். கடைக்கோடி வீட்டின் விளக்கும் மங்காது எரியும்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மும்முனை மின்சாரம் பகலில் கிடைக்க வேண்டும். சூரிய மின்சாரம் பொங்கும் நண்பகலில் மோட்டாரை நிறுத்தி வைத்து, பஞ்சமான இரவில் அதனை ஓட்டச் சொல்வது, அறுவடையின்போது பத்தாயத்தைப் பூட்டி வைப்பதற்கு ஒப்பாகும். பகல் நேர மின்சாரத்தைக் கேட்பது சலுகை கேட்பதன்று. நாட்டின் சேமிப்பில் நாமும் பங்கு கொள்கின்றோம் என்று முன்வருவதாகும். இதனைச் சங்கங்கள் தீர்மானமாக நிறைவேற்றி உரிய இடத்தில் எடுத்துரைத்தல் தக்கது.

விளைச்சலைப் போலவே விளைச்சலைக் காப்பதும் உழவில் ஒரு பாதி என்பது நம் முன்னோர் அறிந்தது. கதிரவனும் காற்றும் தரும் புதிய விளைச்சலுக்கும் அந்நெறி பொருந்தும். மலைமேல் ஏறிய நீரும் வயலில் கட்டிய நீரும் அவ்விளைச்சலுக்குப் பத்தாயங்கள். முன்னதைக் கட்டுவது அரசின் கடன். பின்னதைக் காப்பது நம் கடன். முன்னதன் பொருட்டுப் பாசன உரிமை தளராமல் பார்த்துக்கொள்வதும் நம் கடனே.